எட்டு விசைகள் ஒன்றாகச் செத்திருந்தால்: கொமடோர் 64 விசைப்பலகைக் குறிப்புகள்

பழைய பொருள் சந்தையில் வாங்கிய கொமடோர் 64 இப்போது என் மேசையில் இருக்கிறது. 1982இல் வெளிவந்த கணினி. விசைப்பலகையும் தாய்ப்பலகையும் ஒரே உடம்புக்குள் அடங்கிய, ஜெர்மானியர்கள் 'ரொட்டிப் பெட்டி' என்று அழைக்கும் பழுப்பு நிற மாதிரி. விற்றவர் "ஓடுகிறது, ஆனால் சில எழுத்துகள் வராது" என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார். விலையும் அதற்கேற்பவே இருந்தது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. இதன் பழைய பவர் சப்ளை 5 வோல்ட் நேர்மின்னோட்டமும் 9 வோல்ட் மாறுமின்னோட்டமும் தரும். வயதானால் அந்த 5 வோல்ட் மெல்ல ஏறி நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். எனவே பழைய அடாப்டரைத் தொடவே இல்லை. புதிதாகச் செய்யப்பட்ட ஒன்றை வாங்கி, மல்டிமீட்டரால் அளந்த பிறகுதான் செருகினேன். நீலத் திரை வந்தது. 38911 பைட்டுகள் காலி என்ற வரியும் வந்தது. ஆக, நினைவகம் நலம். இனி விசைகள்.

ஒவ்வொரு விசையாக அழுத்தித் தாளில் குறித்துக்கொண்டேன். பழுது இரண்டு வகையாகப் பிரிந்தது. 'ஏ', 'யு', '9', ஸ்பேஸ் ஆகிய நான்கும் அழுந்த அழுத்தினால் எழுதின; லேசாகத் தட்டினால் எழுதவில்லை. இன்னொரு கூட்டம் எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை: 'எக்ஸ்', 'வி', 'என்', கமா, சாய்கோடு, ரன்-ஸ்டாப், கர்சரைக் கீழே இறக்கும் விசை, இடது ஷிஃப்ட். ஷிஃப்ட் லாக்கும் வேலை செய்யவில்லை.

இந்த இடத்தில் பலரும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, விசைப்பலகையை முழுவதும் பிரித்து, ஆல்கஹால் போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அது அவசரம். விசைப்பலகையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பிரித்தால் பாதி வேலை மிச்சம்.

இதில் மொத்தம் 66 விசைகள். அவற்றில் 64 விசைகள் எட்டு நெடுக்குக் கோடுகளும் எட்டு குறுக்குக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஷிஃப்ட் லாக் தனி விசை அல்ல. இடது ஷிஃப்டோடு பக்கவாட்டில் இணைத்த ஒரு பூட்டு, அவ்வளவுதான். ரெஸ்டோர் என்ற விசை இந்தக் கட்டத்திலேயே இல்லை, அதற்குத் தனிப் பாதை. 6526 என்ற சிப் நெடுக்குக் கோடுகளை (பிஏ0 முதல் பிஏ7 வரை) ஒவ்வொன்றாகத் தாழ்த்தி, குறுக்குக் கோடுகளில் (பிபி0 முதல் பிபி7 வரை) எது தாழ்கிறது என்று பார்க்கிறது. விநாடிக்குச் சுமார் 60 முறை இது நடக்கிறது. நெடுக்கு எண்ணை எட்டால் பெருக்கிக் குறுக்கு எண்ணைக் கூட்டினால் அந்த விசையின் குறியீட்டு எண் கிடைக்கும். 'ஏ' என்பது பிஏ1, பிபி2, ஆகவே 10. 'எக்ஸ்' என்பது பிஏ2, பிபி7, ஆகவே 23.

என் தாளில் இருந்த செத்த விசைகளை இந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டும் பிபி7 என்ற ஒரே கோட்டில் இருந்தன. அந்தக் கோட்டில் வேறு விசையே கிடையாது. அழுக்குக்கு வரைபடம் பார்த்து உட்காரும் புத்தி இல்லை. பாதை எங்கோ அறுந்திருக்க வேண்டும்; அல்லது சிப்பின் ஒரு கால் போயிருக்க வேண்டும். முரண்டு பிடித்த நான்கோ வெவ்வேறு நெடுக்கிலும் வெவ்வேறு குறுக்கிலும் சிதறிக் கிடந்தன. அவைதாம் அழுக்கின் வேலை.

உடலைத் திறப்பதற்கு முன், விசைகளின் குறியீட்டு எண்களைத் திரையிலேயே பார்க்க ஆசை. நினைவகத்தின் 197ஆம் முகவரியில், அந்த நேரத்தில் அழுத்தப்பட்டிருக்கும் விசையின் எண் இருக்கும். எதுவும் அழுத்தப்படவில்லை என்றால் 64. பேசிக் மொழியில் ஒரே வரிதான்: அந்த முகவரியைப் பீக் கட்டளையால் எடுத்து அச்சிட்டு, மறுபடி அதே வரிக்குப் போக வேண்டும். ஆனால் பிரிண்ட் கட்டளையின் நான்காவது எழுத்து 'என்'. அது செத்தது. பிரிண்டுக்குப் பதில் கேள்விக்குறி போடலாம். கேள்விக்குறி சாய்கோட்டு விசையில் இருக்கிறது. அதுவும் செத்தது. போக் கட்டளையால் திரையின் நினைவகத்தில் நேராக ஓர் எண்ணை எழுதலாம் என்றால் நடுவில் கமா வேண்டும். பழுதைக் காட்ட வேண்டிய புரோகிராமை எழுதவிடாமல் அந்தப் பழுதே வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தது.

கொமடோரின் நல்ல குணம் ஒன்று இங்கே கை கொடுத்தது. திரையில் ஏற்கெனவே இருக்கும் எந்த வரியின் மேலும் போய்த் திருத்தி ரிட்டர்ன் தட்டினால், அதையே நாம் எழுதியதாக எடுத்துக்கொள்ளும். ஏதோ பிதற்றலை அடித்து ரிட்டர்ன் தட்டினேன். 'சின்டாக்ஸ் எரர்' என்று திட்டியது. அந்தத் திட்டு எப்போதும் கேள்விக்குறியோடுதான் தொடங்கும்! ஹோம் விசையால் மேலே போய், வலது ஷிஃப்டும் ரிட்டர்னும் சேர்த்துத் தட்டி (இது கட்டளையை நிறைவேற்றாமல் அடுத்த வரிக்கு இறக்கும்) அந்த வரிக்கு வந்தேன். வலது ஷிஃப்டும் டெலீட்டும் சேர்ந்தால் இடம் விடும். அப்படிக் கேள்விக்குறிக்கு முன் இரண்டு இடம் விட்டு 10 என்று எழுதினேன். கேள்விக்குறியைத் தாண்டி, திட்டின் மீதிப் பகுதிக்கு மேலேயே பீக்(197), முக்காற்புள்ளி, கோட்டூ 10 (10ஆம் வரிக்குப் போ) என்று அடித்தேன். '9' விசையை மட்டும் கட்டை விரலால் குத்த வேண்டியிருந்தது. ரிட்டர்ன். கர்சர் போய் நின்றது 'ரெடி' என்ற வரியின் தலையில். புள்ளியோடு சேர்த்து ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள். இடைவெளி இல்லாமல் கோட்டூ 10 என்பதும் ஆறுதான். அதன் மேலேயே அடித்து ரிட்டர்ன் தட்டினேன். புரோகிராமை ஓட்டும் ரன் கட்டளைக்கும் 'என்' வேண்டும் என்பதால் இப்படிச் சுற்றி வர வேண்டியதாயிற்று.

64, 64, 64 என்று திரை ஓட ஆரம்பித்தது. 'ஏ'வை லேசாகத் தொட்டால் 64. அழுத்தினால் 10 வந்து வந்து போனது. 'யு' 30, '9' 32, ஸ்பேஸ் 60, எல்லாம் அப்படியே விட்டுவிட்டு வந்தன. பிபி7 கோட்டு விசைகளுக்கு எந்த அசைவும் இல்லை. பார்த்து முடித்து நிறுத்தலாம் என்றால் நிறுத்தும் விசையான ரன்-ஸ்டாப்பும் அதே கோட்டில்தான். மின்சாரத்தை அணைத்தேன். புரோகிராம் போய்விட்டது, ஆனால் வேலை முடிந்திருந்தது.

அடுத்தது திறப்பு. அடிப்பக்கம் முன் ஓரத்தில் மூன்று ஸ்க்ரூ. மேல் மூடியோடு விசைப்பலகையும் எழுந்து வரும். விசைப்பலகையிலிருந்து வரும் வயர்க்கற்றை தாய்ப்பலகையில் 20 பின் கனெக்டரில் செருகியிருக்கும். மாற்றிச் செருகாமலிருக்க இரண்டாவது பின்னை மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். விளக்குக்குப் போகும் வயர் தனி.

கேள்வி இதுதான்: பிபி7 அறுந்தது தாய்ப்பலகைப் பக்கமா, விசைப்பலகைப் பக்கமா? கனெக்டரைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையின் பின்களையே ஒரு சிறு வயர்த்துண்டால் தொட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். ஒன்பதாவது பின் பிபி7. பதினெட்டாவது பின் பிஏ2. இரண்டையும் தொட வைத்தால் 'எக்ஸ்' வர வேண்டும். செய்பவர்கள் கவனிக்க: முதல் பின் கிரவுண்ட், நான்காவது பின் 5 வோல்ட். இவை இரண்டும் தவறியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நான் அந்தப் பின்கள் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டுத்தான் கை வைத்தேன்.

தொட்டேன். திரையில் 'எக்ஸ்'. ஒன்பதும் பதினாறும்: 'என்'. ஒன்பதும் பதினேழும்: 'வி'. பதினான்கு சாய்கோடு, பதினைந்து கமா, பதின்மூன்று கர்சர். சிப்பும் தாய்ப்பலகையும் குற்றமற்றவை. எழுத்து வராமல் இருந்திருந்தால் அடுத்த சந்தேகம் 6526 மேல் போயிருக்கும். இந்தக் கணினியில் அதே சிப் இரண்டு உண்டு. சாக்கெட்டில் இருந்தால் ஒன்றையொன்று இடம் மாற்றிச் சோதிக்கலாம். என்னுடையதில் இரண்டையும் நேராகச் சாலிடர் செய்திருக்கிறார்கள். அவற்றைப் பிடுங்கும் வேலை வராமல் போனதில் பெரிய நிம்மதி.

மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, கற்றையின் ஒன்பதாவது துளையிலிருந்து அந்த வயர் விசைப்பலகையில் போய்ச் சேரும் இடம் வரை பார்த்தேன். ஒலி இல்லை. வயரை மெல்ல வளைத்தபோது ஒரு கணம் கீச்சிட்டு அடங்கியது. விசைப்பலகை முனையில், சாலிடர் புள்ளியை ஒட்டி வயர் மடங்கும் இடத்தில், உறைக்குள்ளேயே செம்பு இழைகள் அறுந்திருந்தன. மேலே உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த முனையை வெட்டி, புதிதாக உறை சீவி, சாலிடர் வைத்தேன். எட்டு விசைகளும், கூடவே ஷிஃப்ட் லாக்கும் எழுந்து வந்தன. துடைக்கும் பஞ்சு இன்னும் பாக்கெட்டிலிருந்தே வெளியே வரவில்லை.

மீதி நான்குக்குத்தான் பஞ்சு தேவைப்பட்டது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு தண்டு. தண்டின் நுனியில் கார்பன் கலந்த சிறு ரப்பர். அது கீழே இருக்கும் பலகையின் தடங்களில் படும்போது இணைப்பு ஏற்படுகிறது. உலோகத்தை உலோகம் தொடுவதுபோல் இது முழு இணைப்பு அல்ல. ரப்பருக்கென்று ஒரு மின்தடை உண்டு. சிப் தன் குறுக்குக் கோட்டை உள்ளிருந்து ஒரு மின்தடை வழியாக மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது; நம் ரப்பர் அதைக் கீழே இழுக்க வேண்டும். மின்னழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் விசை அழுந்தியதாகச் சிப் உறுதியாக ஒப்புக்கொள்ளும். அழுக்கேறிய ரப்பரின் தடை கூடிவிடுவதால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அழுத்தி அமுக்கினால் தொடும் பரப்பு கூடி, தடை குறைந்து, எழுத்து வருகிறது. நான் அளந்தபோது நல்ல விசைகளில் சில நூறு ஓம், முரண்டு விசைகளில் பல ஆயிரம் ஓம்.

பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அடிப்பலகையைப் பிடித்திருப்பவை பொடிப்பொடி ஸ்க்ரூக்கள். ஒரு கிண்ணம் இல்லாமல் தொடங்க வேண்டாம். முக்கியமாக, ஷிஃப்ட் லாக்கின் இரண்டு வயர்களைச் சாலிடர் எடுத்த பிறகுதான் பலகை கழலும். அதை மறந்து இழுத்தால் தடமும் சேர்ந்து உரிந்துகொண்டு வரும். பலகையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மென்மையாகத் துடைத்தேன். தண்டு நுனிகளுக்கு ஆல்கஹால் மட்டும் போதவில்லை. வெள்ளைத் தாளில் லேசாகத் தேய்த்தேன், சாம்பல் நிறக் கோடு விழுந்தவுடன் நிறுத்திவிட்டேன். உப்புத்தாள் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்பன் படலமே போய்விட்டால் பிறகு துடைக்க எதுவும் இருக்காது.

மூன்று விசைகள் சீராகிவிட்டன. '9' மட்டும் அடம் பிடித்தது. ரப்பர் நுனி தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. பவுண்டு விசையின் தண்டைக் கழற்றி '9'க்கும், அதனுடையதைப் பவுண்டுக்கும் மாற்றிப் போட்டேன். பவுண்டுக் குறியை நான் எப்போது அடிக்கப்போகிறேன்?

மாட்டி முடித்த பிறகு அதே ஒருவரிப் புரோகிராம், இம்முறை நேர்வழியில் தட்டச்சு செய்து. இந்தச் சோதனையில் இரண்டு விஷயங்கள் பழுதுபோலத் தோன்றும், பழுதல்ல. இரு ஷிஃப்டுகளும் கன்ட்ரோலும் கொமடோர் விசையும் 197இல் தெரியாது. அவற்றுக்கு 653ஆம் முகவரியைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, 'ஏ', 'எஸ்', 'டி' மூன்றையும் ஒருசேர அழுத்தினால் 'எஃப்' அழுந்தியதாக 21 காட்டும். இந்த நான்கும் கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இல்லாத கட்டம் என்பதால் மூன்று மூலைகள் மூடினால் மின்சாரம் சுற்றி வந்து நான்காவதையும் மூடிவிடுகிறது. அதைச் சரிசெய்யப் புறப்பட்டால் வாழ்நாள் போதாது. முதல் ஜாய்ஸ்டிக் துளையும் இதே கோடுகளைப் பகிர்ந்துகொள்வதால், சோதிக்கும்போது அங்கே எதுவும் செருகியிருக்கக் கூடாது.

ரெஸ்டோர் விசை மட்டும் சுள்ளென்று தட்டினால்தான் கேட்கிறது. அதன் துடிப்பு ஒரு சிறு மின்தேக்கி வழியாகப் போவதால் பழைய பலகைகளின் பிறவிக் குணம் அது. மின்தேக்கியை மாற்றுவது பற்றி அடுத்த முறை சாலிடர் இரும்பைச் சூடாக்கும்போது யோசிப்பேன். மஞ்சளடித்த உடலை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாம் என்கிறார்கள். நான் செய்யப்போவதில்லை. அந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது.