அறுப்பின் பண்டிகை நாட்குறிப்பு

பிப்ரவரி 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும், விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கான கமிட்டி கூடியது. பண்டிகை 15ஆம் தேதி. 18ஆம் தேதி சாம்பல் புதனோடு லெந்து என்ற உபவாச காலம் தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட இடமில்லை. ஈரோட்டுப் பக்கம் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தை ஒட்டிய எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் மஞ்சள் விவசாயிகள், விசைத்தறித் தொழிலாளர்கள், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்வருகிறவர்கள், நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆசிரியர் குடும்பங்கள் எனப் பலரும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஏலம், பந்தி, கணக்கு எல்லாவற்றையும் அதே ஐந்தாறு பேர்தான் சுமக்கிறார்கள். மற்றவர்கள் காணிக்கை வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இம்முறை பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்போம் என்று ஆயர் சொன்னபோது, யாருக்கு என்ன வரம், அதாவது ஊழியத்துக்காகக் கர்த்தர் கொடுத்த திறமை, இருக்கிறது என்று கண்டறிய ஒரு படிவம் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை, கூட்டத்திலேயே சொன்னேன். வேதாகமத்தில் பவுலின் நிருபங்களான ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகிய மூன்றிலும் வரங்களின் பட்டியல் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1 கொரிந்தியர் 12க்குள்ளேயே 8 முதல் 10 வரையுள்ள வசனங்களில் ஒரு பட்டியலும் 28ஆம் வசனத்தில் வேறொரு பட்டியலும் இருக்கின்றன. ரோமரில் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவனோடு ஒரே வரிசையில், பகிர்ந்து கொடுக்கிறவனும் இரக்கஞ்செய்கிறவனும் நிற்கிறார்கள். பவுலே எழுதி முடிக்காத பட்டியலை நாம் ஒரு தாளில் கட்டம் போட்டு முடித்துவிட முடியாது. ஒருவருடைய வரம் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

பிப்ரவரி 4, புதன்

வேதபாடத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். ஆதி சபையின் அன்றாட விசாரிப்பில், அதாவது தினமும் உணவு பகிர்வதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். யூதர்களிலும் சிலர் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டதுண்டு என்றாலும், ஏழு பேருக்கும் அப்படி அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தி விசாரிப்பு முழுவதையும் சபை ஒப்படைத்தது. அப்போஸ்தலர்கள் ஜெபம்பண்ணி, அவர்கள்மேல் கைகளை வைத்தார்கள். அதற்குப்பின் அப்போஸ்தலர்கள் அந்த வேலையில் தலையிட்டதாக ஒரு வரிகூட இல்லை.

பிறருடைய வரத்தை மதிப்பதென்றால் என்ன என்று இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் பெயர் சொல்லி நன்றி கூறுவதையும் பொன்னாடை போர்த்துவதையும் நாம் மதிப்பு என்கிறோம். முடிவெடுக்கும் உரிமையை மட்டும் நம் கையிலேயே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்தால், அதற்குப் பெயர் கூட்டு ஊழியம் அல்ல, ஆள் வைத்து வேலை வாங்குவது.

பிப்ரவரி 7, சனி

பந்தல்காரரிடம் பேசி முடித்தாயிற்று. காய்கறி வாங்குவதை வாலிபர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

பிப்ரவரி 11, புதன்

காணிக்கையாக வந்த மஞ்சள் மூட்டைகள் ஓய்வுநாள் பாடசாலை அறையில் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் கலந்து, ஒரே அளவாகக் கட்டி ஏலம் விடுவதுதான் வழக்கம். மஞ்சள் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை செய்கிற அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்வார். கூட்டங்களில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இன்று செயலர் மூட்டையைப் பிரித்துக் கொட்டப் போனபோது அவர் குறுக்கே வந்து நின்றார்.

“ஏனுங்க சார், பழசையும் புதுசையும் ஒண்ணாக் கொட்டுனா, எடுக்கறவன் பழசுக்குத்தானுங்க வெல போடுவான்.”

பிறகு தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். ஒரு விரலி மஞ்சளை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தார். ‘ணக்’கென்ற ஓசை வந்தது. நன்றாகக் காய்ந்தது என்று வலப்பக்கம் போட்டார். அடுத்ததை ஒடித்தபோது ஓசை மந்தமாக இருந்தது. அதை வெயிலில் காய வைக்கும் குவியலில் சேர்த்தார். ஒடிந்த முகத்தின் நிறத்தைப் பார்த்து, பொடியாக உதிர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டி, வண்டு துளைத்ததைத் தனியே ஒதுக்கினார். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். நாங்கள் கண்ணால் பார்த்து ஒன்றென்று நினைத்ததை அவர் காதால் கேட்டு நான்காகப் பிரித்தார். விடுமுறையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளைத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, ஒடித்துக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்.

ஏலத்தின் தொடக்க விலையையும் அவரே சொல்லட்டும் என்று நான் சொன்னபோது செயலர் தயங்கினார். விலையைக் கமிட்டிதான் வைக்க வேண்டும் என்பது வழக்கமாம். வெகுநேரம் பேசியபின் ஆயர் அந்த அம்மாவின் பக்கம் தீர்த்தார். “சரீர அவயவங்களில் பலவீனமுள்ளவைகளாய்க் காணப்படுகிறவைகளே மிகவும் வேண்டியவைகளாயிருக்கிறது” என்ற 1 கொரிந்தியர் 12இன் வசனத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ‘காணப்படுகிற’ என்ற சொல்லில் இன்றுதான் நின்றேன். பலவீனம் அந்த அவயவத்தில் இருப்பதாகப் பவுல் சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரிகிறது என்கிறார்.

பிப்ரவரி 13, வெள்ளி

இந்த வட்டாரத்துச் சபைகளை இலண்டன் மிஷன் என்ற ஆங்கில மிஷனரிச் சங்கம் தொடங்கி வைத்தது. சபையார் கூடிப் பேசி முடிவெடுப்பது அந்த மரபின் பலம். 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது அந்த மரபு அதில் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு அதுவும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. ஒரு சபை பேராயர் பதவியைக் கொண்டுவந்தது, இன்னொரு சபை சபையாரின் கூடுகையைக் கொண்டுவந்தது. தத்தம் வரத்தைக் களைந்துவிட்டு வரும்படி யாரையும் கேட்கவில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்க, மஞ்சளுக்கு விலை வைக்கும் உரிமையை ஒரு சகோதரிக்குக் கொடுக்க இன்று நமக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்படுகிறது. இதை நினைக்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பண்டிகை நிறைவாக நடந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வழக்கமாக ஏலம் கூறும் அண்ணன், விலையை வேறொருவர் சொல்லித் தாம் கூவுவதா என்று முதலில் முகம் சுளித்தார். ஆனால் பந்தலில் நின்று “முதல் தரம் விரலிங்கோ!” என்று குரலெடுத்தபோது, வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே வந்தார்கள். அந்தக் குரலும் வரம்தான். எளியவரைத் தூக்கிப்பிடிக்கிற ஆர்வத்தில், முன்னால் நின்று உழைப்பவரை இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது. கண் கையைப் பார்த்து நீ வேண்டுவதில்லை என்று சொல்லக்கூடாதென்றால், கையும் கண்ணைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது. விரலிக்கு அந்த அம்மா சொன்ன விலைக்கு மேலேயே கேட்டார்கள். வண்டு துளைத்த மஞ்சளை அவர் ஏலத்துக்கே விடவில்லை. கர்த்தருடைய வீட்டில் அதை விற்கலாகாது என்று சொல்லிவிட்டார்.

கணக்கு எழுதிய தம்பிக்குப் பேச்சில் திக்கல் உண்டு. ஏலம் முடிந்து பந்தி பரிமாறுவதற்குள் வரவு முழுவதையும் கூட்டி, ரசீதோடு பொருளாளரிடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சபைக் கமிட்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை முன்மொழியலாமா என்று அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “எனக்குப் பேசத் தெரியாதுங்க சார்” என்றார். பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள் என்றும், தரம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்றும் சொன்னேன். கமிட்டி கூடுவது சனிக்கிழமை காலையில்; அப்போது அவருக்கு மண்டியில் வேலை. ஒரு நாள் கூலியை இழந்து வரச்சொல்வது நியாயமில்லை. எனவே கூட்டத்தை ஞாயிறு ஆராதனைக்குப் பின் மாற்றும்படி ஆயருக்கு இன்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். பெயரை வழிமொழிய ஏலம் கூறும் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.