லெதர் பவளத்துக்கு அம்மாள் வருத்தம்

என் கடல்நீர் மீன்தொட்டிக்காகக் கொழும்புக் கடையில் சொல்லி வைத்திருந்த உயிருள்ள மென்பவளம், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறிய கிழமை பார்த்துத்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 25 நாள் திருவிழா. கனடாவிலிருந்து பெரியம்மா, கொழும்பிலிருந்து மாமா குடும்பம், வீடு நிறைய ஆட்கள். ரெஜிபோம் பெட்டியைத் திறந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். உள்ளே தோல்போன்ற ஒரு லெதர் பவளம், பவளத்துக்கு உறவான சோவாந்தஸ் கொஞ்சம்.

"யாழ்ப்பாணக் கோட்டையே முருகைக்கல்லில, உந்தப் பவளக் கல்லிலதான் கட்டினவங்கள். நீ உதைக் காசு குடுத்து வாங்குறாய்" என்றார் அம்மா.

பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது ஆக்கிக் கொடுப்பதில்தான் பவளத்தின் சீவியமே ஓடுகிறது. பெட்டி இருட்டிலிருந்து வந்ததை எடுத்த எடுப்பில் முழு வெளிச்சத்தில் வைத்தால், பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். அதனால் அடியில், மணலில் ஓரமாக வைத்து, எல்இடி விளக்கைக் குறைத்துவிட்டேன். கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். பம்பு நேரே அடிக்காமல், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஓட்டம் போதும். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

வேலை முடிந்து வந்து பார்த்தால் விளக்கு முழுசாக எரிகிறது. "இருட்டுக்குள்ள கிடந்தா என்னெண்டு வளரும்?" அம்மாதான். அடுத்த நாள் மாமா. விருந்தாளிக்கு ஃபேனைத் திருப்பிவிடுவதுபோல பம்பை நேரே பவளத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்து, இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. சோவாந்தஸில் கொடிய நஞ்சு இருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் தொட்டிக்குள் கை போவது நின்றது.

பிறகு லெதர் பவளம் மெழுகு பூசினமாதிரி மினுங்கி, மெல்லிய தோலாக உரியத் தொடங்கியது. இடம் மாறினால் இந்தச் சாதி அப்படித்தான் செய்யும். மேலே படிந்த அழுக்கும் பாசியும் அந்தத் தோலோடு கழன்று போகும். ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கலாம். கழற்றிவிட ஓட்டம் வேண்டும் என்பதால் பம்பை நானே சற்றுக் கூட்டினேன். மாமாவின் முகத்தில் ஒரு திருப்தி.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தம்பி, உதுக்கு அம்மாள் வருத்தமடா. தோல் உரியுது பார்."

அம்மை போட்டிருக்கிறதாம். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னேரம் தொட்டி மூடியில் ஒரு கொத்து வேப்பிலை. மஞ்சள் தண்ணீர் உள்ளே போகாமல் பார்ப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் கூடாதாம். திருவிழாவுக்காக ஏற்கெனவே சைவம்தான், அதில் சிக்கலில்லை. தொட்டி மீன்களுக்குப் போடும் உறைந்த இறால் மச்சமா இல்லையா என்பதில்தான் இரவுச் சாப்பாடு முழுக்க வாதம். கடைசியில் மீன்களுக்கு விலக்குக் கிடைத்தது.

தோல் முழுக்கக் கழன்று, இழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நல்ல மண்ணிறம். கல்லில் ஒரு படி மேலே தூக்கி வைத்தேன். விறாந்தையில் பெரியம்மா கனடாவுக்குக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓமடி, நான்தான் வேப்பிலை வச்சனான். இப்ப சுகம். இனித் தண்ணி வார்க்கத்தான் இருக்கு, உவன் விடுறானில்லை."