மேற்குச் சுவரும் 13 மார்க் கணக்கும்

இன்ஜினியரிங்கில் ஹீட் டிரான்ஸ்ஃபர் (வெப்பப் பரிமாற்றம்) பேப்பரில் நான் ஒரு தடவை அரியர் வைத்தவன். கோட்டை விட்டது 13 மார்க் சுவர்க் கணக்கில்தான். சூத்திரம் தலைகீழ்ப் பாடம். ஆனால் 230 மில்லிமீட்டரை மீட்டராக்காமல் அப்படியே போட்டதால், சுவர் வழியே வெப்பம் ஏறக்குறைய வரவே இல்லை என்று விடை வந்தது. அதையும் அடிக்கோடிட்டு எழுதிவிட்டு வந்தேன். மதுரைக்காரன் எழுதுகிற விடையா அது!

மறுபடி படித்தது, அழகர் ஆற்றில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்பிய அடுத்த வாரம். செல்லூரில் மாடி அறை, மேற்குப் பார்த்த சுவர். அதையே கணக்காக்கினேன்.

முதலில் படம். வெளிக்காற்று, வெளிப்பூச்சு, செங்கல், உள்பூச்சு, அறைக்காற்று என்று வரிசையாக ஐந்து தடைகள். திடப்பொருளுக்குத் தடை என்பது தடிமனை வெப்பக் கடத்துதிறனால் வகுத்தது. காற்றுக்கு, 1-ஐ h-ஆல் (வெப்பச் சலனக் கெழு) வகுத்தது. ஒரு சதுர மீட்டருக்குப் போட்டுப் பார்ப்போம். 9 இஞ்சு செங்கல் 0.23 / 0.7 = 0.329. வெளிப்பூச்சு 20 மில்லிமீட்டர், 0.028. உள்பூச்சு 12 மில்லிமீட்டர், 0.017. வெளிக்காற்றுக்கு h 25 என்றால் 0.04, அறைக்குள் 8 என்றால் 0.125. கூட்டினால் 0.539. வெளியே 40 டிகிரி, உள்ளே 28 என்றால் 12 / 0.539, சுமார் 22 வாட்.

இங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. உள்பூச்சைவிட, கண்ணுக்கே தெரியாத அறைக்காற்றுப் படலம் ஏழு மடங்குக்கு மேல் தடுக்கிறது! அதை விட்டுவிட்டால் விடை எங்கேயோ போய்விடும். ஆனால் கேள்வியில் 'சுவரின் மேற்பரப்பு வெப்பநிலை' என்று கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்றைச் சேர்க்கவே கூடாது. காற்றின் வெப்பநிலையா, மேற்பரப்பா என்று பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மார்க் போவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான்.

இப்போது 25 மில்லிமீட்டர் தெர்மோகோல் ஒட்டுங்கள். கடத்துதிறன் 0.035, தடை 0.714. ஒரு இஞ்சு தெர்மோகோல் இரண்டு செங்கல் சுவருக்கு மேல் வேலை செய்கிறது. 22 வாட் பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பெரிய தடை எது என்று முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனசுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

சில்லறை விஷயங்கள்: வெப்பநிலை வித்தியாசம்தான் தேவை என்பதால் கெல்வினாக்க 273 கூட்ட வேண்டியதில்லை (கதிர்வீச்சுக் கணக்கில் கட்டாயம் கூட்டணும்). இரண்டு பொருள் அடுத்தடுத்து இல்லாமல் பக்கம் பக்கமாக இருந்தால் அவை இணைத்தடைகள், பரப்பு தனித்தனி. டேட்டா புக்கில் (பொருள்களின் கடத்துதிறன் மாதிரி அளவுகள் இருக்கும் அட்டவணைப் புத்தகம்) பக்கம் தேடிப் பழகிவிட்டுப் போங்கள். ஹாலில் தேடினால் பத்து நிமிஷம் காலி.

கடைசியாக விடையைச் சரிபார்க்க ஒரு வழி. 22.3-ஐ 0.125-ஆல் பெருக்கினால் 2.8, ஆக உள்சுவர் 30.8 டிகிரி. அறைக்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் விழுகிறது, சரி. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு என் சுவரில் கை வைத்தால் அதைவிடச் சூடாக இருந்தது. பகல் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. அந்தக் கணக்கு அன்ஸ்டெடி ஸ்டேட்டில் (நேரத்தோடு வெப்பநிலை மாறும் நிலை) வரும், இதில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.