துரை பெயர் இருக்கிறது, தாத்தா பெயர் இல்லை

இலங்கை மலையகத்து மஸ்கெலியா டவுனிலிருந்து என் தாத்தா இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் கேட்டது 4,500 ரூபாய். இலங்கை ரூபாய்தான், ஆனாலும் அநியாயம். "ரோடு சரியில்ல அண்ணே, திரும்பி வெறும் வண்டியாத்தான் வரணும்" என்றார். பேரம் பேசி 3,000-க்கு இறங்கினார். அதுவே நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் அப்போதைய சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ரோட்டைப் பற்றி அவர் சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வேர் தேடிப் போகிற இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். நாங்கள் கோத்தகிரிக்காரர்கள். ஆனால் கோத்தகிரியில் இன்றைக்கும் எங்களுக்குப் பெயர் "சிலோன்காரங்க". 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், தோட்டத்துத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். அவருடைய தங்கை வீட்டுக்காரர் இலங்கைக்குப் போட்டார். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம். தேயிலையை விட்டுக் கிளம்பித் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். தங்கையின் கடிதம் எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது.

கையில் இருந்தது தாத்தாவின் குடும்ப அட்டை மட்டும். ரேஷன் கார்டு அல்ல, இந்தியா திரும்பியவர்களுக்குக் கொடுத்த அட்டை. அதில் தோட்டத்தின் பெயர் இருந்தது. "கீழ்க்கணக்கு" என்று பாட்டி சொல்லி வைத்திருந்தார். டிவிஷனைத்தான் அங்கே கணக்கு என்பார்கள்.

முதலில் கொழும்பு. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஃபெர்குசன் டைரக்டரி என்று பழைய தொகுதிகள் இருக்கின்றன. எங்கள் தோட்டம் அதில் இருந்தது! குதித்தேன். எத்தனை ஏக்கர், முதலாளி யார், துரை (தோட்ட மேனேஜர்) யார், எல்லாம் அச்சில் இருக்கிறது. அந்த ஏக்கர் முழுக்கக் கவ்வாத்து வெட்டியவர், கொழுந்து பறித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. துரைமார் வம்சத்தைத் தேடுகிறவர்களுக்கு அருமையான புத்தகம். நமக்கு அல்ல. கொழும்பில் அறை வாடகை வேறு பையைக் கரைத்துக்கொண்டிருந்ததால் மூட்டையைக் கட்டினேன்.

ஹட்டன் ரயிலில் ரிசர்வேஷன் டிக்கெட் கிடைக்கவில்லை. கித்துல்கல வழியாகப் போகும் தனியார் பஸ். அதைப் பற்றி நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தலைக்கு மேலேயே ஸ்பீக்கர். பைலா பாட்டு ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். கினிகத்தேனை ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் நான் பக்கத்துச் சீட்டு ஐயாவின் மடியில். அவர் ஒன்றுமே சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார். அனுபவசாலி. காசு கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

தோட்ட ஆபீசில் ஒரு நல்ல மனிதர் பேசினார், ஆனால் ஆட்களின் பெயரும் சம்பளமும் எழுதிய பழைய செக்ரோல் புத்தகங்கள் இல்லை. 1975-ல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992-ல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. இந்தக் கைமாற்றத்தில் புத்தகங்கள் என்ன ஆயின என்று அவருக்கும் தெரியவில்லை. யாராவது அடுப்பெரித்திருப்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே ஆட்டோவில் ஏறியிருப்பேன், ஆனால் ஆட்டோதான் போய்விட்டதே.

மாரியம்மன் கோயில் பக்கம் தோட்டத் தலைவரை, அதாவது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைப் பார்த்தேன். தாத்தா பெயரைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை. "கீழ்க்கணக்குல ஒரு ஆத்தா இருக்கு, அதுக்குத் தெரியாத கதையே கிடையாது, வாங்க" என்று கூட்டிப்போனார்.

லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒரே அறை. எண்பதைத் தாண்டிய பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்றார். சொன்னேன். "அட, ரதி பேரனோட பேரனா!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பல வருஷம் ரதி வேஷம் கட்டியவர். சிவன் மன்மதனை எரித்த பிறகு ரதி புலம்பும் கட்டத்தில் லயத்துப் பெண்கள் எல்லாருமே அழுதுவிடுவார்களாம். அவர் காலத்துக்கு அப்புறமும் எங்கள் குடும்பத்துக்கு "ரதி வூடு" என்றே பெயர். கோத்தகிரியில் இதை ஒருத்தரும் சொன்னதில்லை. எந்த டைரக்டரியில் இது கிடைக்கும்?

பாட்டி விடவில்லை. ரதிக்காரரின் அப்பா சிறு பையனாக, கடல் தாண்டி வந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டத்தில் ஒருத்தராம். அங்கே காப்பித் தோட்டம். 1869-ல் இலைநோய் வந்து கொஞ்ச வருஷத்தில் காப்பி மொத்தமும் படுத்தபோது, ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணியின் கூட்டத்தோடு இந்தப் பக்கம் தேயிலைக்கு மாறினார்கள். "துண்டோட வந்தாங்க" என்றார். கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று பழைய துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மறுபடி இவர்கள் தலையில்தான் ஏறும். இந்தத் துண்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆக, எங்கள் வேரைத் தேட இனி மாத்தளைக்குப் போக வேண்டும். அதற்கு வேறு செலவு.

நடுவில் சாப்பாடு. தேங்காய் போட்ட கனமான ரொட்டி, மாசிக் கருவாடு இடித்த கட்ட சம்பல், சீனியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி (பாலில்லாத டீ). இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் உச்சம். அந்தச் சம்பலின் காரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாட்டி நான் சொந்தம் கண்ட நெகிழ்ச்சியில் அழுவதாக நினைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தார். நானும் மறுக்கவில்லை. காசு கொடுக்க நீட்டினால் திட்டு விழுந்தது.

தாத்தா கல்யாணத்துக்குச் சேலை எடுத்த கடைத்தெரு இப்போது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. பழைய மஸ்கெலியா டவுனையே முழுக்கிவிட்டார்கள். கடும் வறட்சியில் பழைய கோயில் தலைகாட்டும் என்றார் தலைவர். நான் போனபோது அணை நிரம்பிக் கிடந்தது. கொள்ளுத்தாத்தாவைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டுவிட்டார்கள். பாட்டி கையைக் காட்டி "அந்த மூணாவது நிரையா இருக்கும்" என்றார், பிறகு "இல்ல, நாலாவதோ" என்றார். இரண்டுக்கும் கும்பிட்டேன்.

தாத்தாவின் தங்கை? 1977 கலவரத்துக்குப் பிறகு பயந்து குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போனவர்கள், திரும்பவில்லை.

திரும்பும் வழியில் கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில் இறங்கினேன். பழைய பீகாக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தோட்ட மக்கள் புழங்கிய சாமான்கள், பழைய தாள்கள். கண்டிக்குப் போகிறவர்கள் யானை பார்க்கிற நேரத்தில் பாதியை இங்கே கொடுக்கலாம்.

வழிச் செலவு, தங்குமிடம் எல்லாம் வரிசையாக எழுதுவதாகச் சிலருக்குச் சொல்லியிருந்தேன். பதிவு எங்கேயோ போய்விட்டது, சரி. உங்கள் வீட்டிலும் குடும்ப அட்டை இருந்தால் கொழும்புக்குக் காசைக் கொட்டாமல் நேரே தோட்டத்துக்குப் போங்கள், தலைவரைக் கேளுங்கள், எண்பது தாண்டியவர்களை முதலில் பாருங்கள். ஆட்டோவுக்கு 2,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். வவுனியாவில் "ரதி வூடு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த போனஸ் வந்ததும் கிளம்புவேன்.