கடன் வாங்கியவர் டெக்ஸாஸ் போனால் கெடு நிற்குமா?

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த ஒருவருக்கு 9,000 டாலர் கைமாற்றாகக் கொடுத்திருந்தேன். எழுத்தில் எதுவும் இல்லை. தருவதாகச் சொன்ன தேதி தாண்டியதும் டெக்ஸாஸின் டாலஸில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். "அடுத்த மாசம் கண்டிப்பா அண்ணா" என்ற பதிலும் பிறகு நின்றுபோனது.

கலிஃபோர்னியாவில் வாய்மொழி ஒப்பந்தம் மீறப்பட்டால் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில் இருந்தால் 4 ஆண்டு. விசாரித்த இடமெல்லாம், "ஆள்தான் மாநிலத்தை விட்டே போயிட்டாரே, கெடு ஓடாது" என்றார்கள். அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவு, பிரதிவாதி மாநிலத்துக்கு வெளியே இருக்கும் காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. எல்லை தாண்டியவருக்குச் சம்மன் கொடுப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் எழுதிய பிரிவு.

நான் யோசனை கேட்ட பெண் வக்கீல் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். இதேபோன்ற ஒஹையோ சட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குச் சுமை என்று 1988-இல் பெண்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. 2008-இல் ஹெரிட்டேஜ் மார்க்கெட்டிங் வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமும், நிரந்தரமாக வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்கள்மீது 351-ஐப் பாய்ச்ச மறுத்தது. இல்லாவிட்டால், ஒருவர் கெடு முடியும்வரை இங்கேயே கிடக்க வேண்டும்; இடம் மாறினால் காலமெல்லாம் வழக்குப் பயத்தோடு வாழ வேண்டும். எனக்கு எதிரான தீர்ப்புதான், ஆனாலும் நியாயம் என்றே பட்டது. பிரிவு இன்னும் புத்தகத்தில் இருப்பதுதான் ஆளைக் குழப்புகிறது. "நாள் ஓடிக்கிட்டேதான் இருக்குன்னு வச்சுக்குங்க" என்றார் வக்கீல்.

கெடுவை நீட்டிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி, கடன் வாங்கியவருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை. சரி, வழக்குதான்.

தொகை சிறியது, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. இங்கே சொத்து வைத்திருப்பவர், இங்கே வாகன விபத்தில் சம்பந்தப்பட்டவர் போன்ற சிலரைத் தவிர, வெளிமாநிலத்தில் இருப்பவருக்கு அந்த நீதிமன்றத்தின் சம்மனைச் சேர்ப்பிக்க முடியாது. அதனால் சாண்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டில் சாதாரண சிவில் வழக்காகவே, 2 ஆண்டு முடியுமுன் தாக்கல் செய்தேன். கடனும் வாக்குறுதியும் இங்கே நடந்தவை என்பதால் இங்கே வழக்காடத் தடையில்லை.

இந்த வகை வழக்கில் வெளிமாநிலத்துக்குச் சம்மன் அனுப்புவதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்பினால் 10-ஆம் நாள் சேர்ந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 30 நாளில் அவர் பதில் தர வேண்டும். தபால் கிடைத்ததும், தவணையில் தருகிறேன் என்று அவரிடமிருந்து போன் வந்தது!

நான் தவணைக்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. தீர்ப்பு வாங்கினாலும் அதை டெக்ஸாஸ் நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும், அப்புறமும் சாதாரணக் கடனுக்கு அங்கே சம்பளத்தில் கைவைக்க முடியாது. தவணை தவறினால் மீதித் தொகைக்கு உடனே தீர்ப்பு என்ற நிபந்தனையோடு எழுதி, இருவரும் கையெழுத்திட்டு கோர்ட்டில் கொடுத்தோம். முதல் தவணை வந்துவிட்டது.