கட்டையை வைத்து ரயில் ஓட்டினால்?

எந்த முறையில் சொல்லித்தரும் பள்ளி நல்லது என்று பெற்றோர் கேட்டால், நான் ஒரு எதிர்க்கேள்வி போடுவேன். பிள்ளை ஒரு பொருளை நாம் நினைக்காத விதத்தில் எடுத்து விளையாடினால் அங்கே டீச்சர் என்ன செய்வார்? மழலையர் பாடத்திட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்து அந்த இடத்தில்தான் வெளியே வருகிறது.

மாண்டிசோரி வகுப்புகளில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒரு சாதனம் உண்டு. பத்துக் கனசதுர மரக்கட்டைகள். சின்னதன் பக்கம் 1 செ.மீ., பெரியது 10 செ.மீ. பெரியதைக் கீழே வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வரிசை மாறினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும், டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நுட்பமான யோசனை. மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். பிள்ளை தானே தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்பது அவர் பிடிவாதம்.

என் வகுப்பில் ஒரு நாலு வயதுப் பையன் இந்தக் கட்டைகளைத் தரையில் நீளமாக வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். ரயிலாம்.

கறாரான மாண்டிசோரி ஆசிரியர் என்றால், அதன் உபயோகத்தை இன்னொரு முறை பொறுமையாகச் செய்துகாட்டுவார், இல்லையேல் அலமாரியில் எடுத்து வைத்துவிடுவார். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் கல்வியாளர் லோரிஸ் மலகுட்சி வளர்த்தெடுத்த வழியில் வந்த ஆசிரியர் நோட்டும் கேமராவும் எடுப்பார். பையன் பேசுவதை எழுதிக்கொள்வார், மறுநாள் களிமண்ணும் கம்பியும் தாளும் கொண்டுவந்து வைப்பார். ரயில் பல வாரங்களுக்கு ஓடும்.

நான் சாய்வது ஹைஸ்கோப் என்ற அமெரிக்க மழலையர் கல்வி முறையின் பக்கம். விளையாடும் முன் பிள்ளை தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும், பிறகு செய்ய வேண்டும், முடிந்ததும் நடந்ததை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். எனக்கோ அதுதான் முழுப் பாடமும்.

"என்னப்பா செஞ்சே?" என்று கேட்டேன்.

"பெரிசு எஞ்சின். அடுத்தது அதைவிடச் சின்னப் பெட்டி. கடைசியில குட்டி, அது கார்டு பெட்டி."

அளவு வரிசை ஒன்றுகூடத் தப்பவில்லை. கோபுரம் கற்றுத்தர நினைத்ததைப் படுக்கைவாட்டில் அவனாகவே செய்துவிட்டான். சரி, எல்லாப் பிள்ளையும் இப்படிச் செய்யாது. சிலது கட்டையை எறிந்து மட்டும் பார்க்கும்.

ஹைஸ்கோப்பைப் புகழ்பவர்கள் உடனே, அந்த முறை உருவான பெர்ரி பாலர் பள்ளியின் ஆய்வை எடுத்து நீட்டுவார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டியில் 1962-ல் தொடங்கியது. 123 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் பாலர் பள்ளியில் சேர்த்து, இரண்டையும் நாற்பது வயது வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். பாலர் பள்ளியில் சேர்ந்தவர்கள் வேலை, வருமானம் என்று பலவற்றில் முன்னே இருந்தார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற அளவில் இருந்தது. வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பள்ளி விளம்பரத்தில் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் விசாரித்துவிடுங்கள். தனியாக ஒரு டீச்சர், இருபத்தைந்து பிள்ளைகள் என்றால், எந்த முறையானாலும் மூக்கைத் துடைக்கவும் பாத்ரூமுக்கு அழைத்துப்போகவுமே அவருக்கு நேரம் சரியாகிவிடும்.