ஹிஸ்டரி சார் நடத்துன 1947 கேபினட்

நம்ம பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு கேட்டதும் எனக்கு நம்ம ஹிஸ்டரி சார்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஆண்டு விழா, கேண்டீன் சமோசா பத்தியெல்லாம் மத்தவங்க எழுதிடுவீங்க, சார் சுதந்திர இந்தியாவோட முதல் அரசாங்கத்தை நடத்துன விதத்தை யாராவது எழுதி வைக்கணும்.

அந்த அரசாங்கத்தோட பிரச்சினைகள்னு பரீட்சைக்கு அகதிகள், சமஸ்தானங்கள், உணவுப் பஞ்சம், காஷ்மீர்னு எழுதினாலே மார்க் வந்துடும். சார் அதோட விடமாட்டார். மந்திரிங்க பேரை போர்டுல எழுதிட்டு இவங்கள்ல யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போகும் சொல்லுங்கடான்னு கேட்பார். காங்கிரஸைக் கடுமையா எதிர்த்த அம்பேத்கர் சட்டத்துக்கு, இந்து மகாசபைலேர்ந்து வந்த சியாமா பிரசாத் முகர்ஜி தொழில்துறைக்கு, ஜஸ்டிஸ் பார்ட்டில இருந்த நம்ம கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நிதிக்கு. டெல்லியிலயே பொறந்து வளர்ந்த எங்களுக்கு முதல் பட்ஜெட்டைப் போட்டது ஒரு தமிழர்னு அன்னிக்குத்தான் தெரியும், அவ்வளவு பெருமையா இருந்துச்சு. 1947 நவம்பர் 26, ஏழரை மாசத்துக்கான பட்ஜெட், செலவு சுமார் 197 கோடி, அதுல 92 கோடிக்கு மேல ராணுவத்துக்கே போயிடுச்சு, மிச்சத்துல அகதிகளுக்குச் சோறு போடணும், நாட்டையும் நடத்தணும்.

சார் எங்களை டெல்லியில இருக்கிற பழைய கோட்டை, புரானா கிலாவுக்குக் கூட்டிட்டுப் போனார். எங்க பக்கத்து வீட்டு பீஜி, அதான் பஞ்சாபிப் பாட்டி, லாகூர்லேர்ந்து வந்து டெல்லி கிங்ஸ்வே அகதி கேம்ப்ல இருந்தவங்க, அதனால அகதின்னா எனக்கு அவங்க முகம்தான். ஆனா இந்தக் கோட்டையிலயும் ஹுமாயூன் கல்லறையிலயும் 1947ல தங்கினவங்க டெல்லி முஸ்லிம்கள், பரம்பரையா இங்கயே வாழ்ந்துட்டு பாகிஸ்தான் ரயிலுக்குக் காத்திருந்தவங்கன்னு சார் சொன்னார். வந்தவங்களையும் போறவங்களையும் ஒரே நேரத்துல ஒரே ஊர்ல காப்பாத்த வேண்டிய நிலைமை, அதுவும் பதவிக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகாத அரசாங்கம்!

55 கோடி விவகாரத்துக்கு மட்டும் ஒரு முழு பீரியட். பிரிவினைக் கணக்குல பாகிஸ்தானுக்கு 75 கோடி, 20 கோடி குடுத்தாச்சு, அதுக்குள்ள காஷ்மீர்ல சண்டை, பாக்கியைக் குடுத்தா துப்பாக்கி வாங்கி நம்மளயே சுடுவாங்கன்னு படேல் தரப்பு வாதம். அதுல நியாயம் இருந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா ஒத்துக்கிட்ட கணக்கை ஒரு புது நாடு முதல் வருஷமே மீறினா அப்புறம் யார் நம்புவா? டெல்லியில மதக்கலவரம் அடங்கணும்னு காந்தி 1948 ஜனவரி 13 உண்ணாவிரதம் ஆரம்பிச்சார், 15ஆம் தேதி கேபினட் பணத்தைக் குடுக்க முடிவு பண்ணுச்சு. 30ஆம் தேதி அவரைச் சுட்டுட்டாங்க. ராஜினாமா பேச்சு வரைக்கும் போயிருந்த நேருவும் படேலும் அதுக்கப்புறம் விலகாம சேர்ந்தே நின்னாங்க.

எல்லாரும் அப்படி நிக்கல. சிறுபான்மையினர் பாதுகாப்புக்காக பாகிஸ்தான் பிரதமரோட போட்ட நேரு-லியாகத் ஒப்பந்தம் பிடிக்காம 1950ல முகர்ஜி வெளியேறினார், கல்யாணம், சொத்துரிமையையெல்லாம் சீர்திருத்த வந்த இந்து சட்ட மசோதாவை இழுத்தடிச்சதுல மனசு வெறுத்து 1951ல அம்பேத்கரும் போயிட்டார். அந்த மசோதாவைத் துண்டு துண்டா 1955, 56ல நிறைவேத்தினாங்க, பொண்ணுங்களுக்குச் சொத்துல பங்கு குடுத்த வாரிசுரிமைச் சட்டமும் அதுல ஒண்ணு. அம்பேத்கர் ராஜினாமா பண்ணது சரியான்னு நம்ம கிளாஸ்ல டிபேட் நடந்துச்சே, உள்ள இருந்தே போராடியிருக்கணும்னு பேசினவங்க இப்போ டொரண்டோலயும் சிங்கப்பூர்லயும் இருக்கீங்க, உங்க பக்கத்தை அடுத்த மலர்ல எழுதுங்க, நான் இப்பவும் ராஜினாமா சரின்னுதான் சொல்றேன்.